அரக்கு மாளிகையில் எரிந்த ஆறு பேர்

(இளைஞர் வாசிப்பு வட்டம் ஒன்றின் கூட்டத்தில், ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"இதிகாசங்களை மறுவாசிப்பு செய்தல்" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். அழைத்த தோழரிடம் அப்போதே ஒன்று சொன்னேன். மறுவாசிப்பு பற்றிப் பேச என்னைவிடப் படித்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். என்னிடம் இருப்பது இந்தக் கட்டைப்பை மட்டும்தான். இதற்குள் நாற்பது பக்க நோட்டுகள், நூல் போட்டுக் கட்டிய தாள்கள், ஒரு திருமண அழைப்பிதழின் பின்பக்கத்தில் எழுதிய கதை என்று எல்லாம் இருக்கின்றன. அரசுக் கல்லூரிகளில் நான் தமிழ் நடத்திய ஏறக்குறைய முப்பது ஆண்டுகளில் என் மாணவர்கள் எழுதிக் கொடுத்தவை. வீடு மாறும்போதெல்லாம் பழைய பேப்பர்காரரிடம் போகாமல் தப்பியவை. இவற்றைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். சரி என்றார்.

தொடக்கத்தில் நானும் எல்லோரையும் போலத்தான் நடத்தினேன். பாடத்திட்டத்தில் கம்பராமாயணத்தில் ஒரு படலம் இருக்கும், வில்லிபாரதத்தில் ஒரு சருக்கம் இருக்கும். நான் கல்லூரிக் காலத்திலேயே பெரியாரைப் படித்துவிட்டு வந்தவள். அதனால் பாடம் முடிந்ததும் "இராமன் நல்லவனா, கெட்டவனா?" என்று வகுப்பை இரண்டாகப் பிரித்து விவாதம் வைப்பேன். முதல் இரண்டு பெஞ்சு ஆவேசமாகப் பேசும். பின்பெஞ்சு தூங்கும். பின்பெஞ்சில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை நான் ஓராண்டு கழித்துத்தான் கவனித்தேன். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்தவர்கள், பெரும்பாலும் சேரிகளிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்கு அந்த விவாதத்தில் வேலையே இல்லை. நல்ல ராஜாவோ கெட்ட ராஜாவோ, இரண்டு ராஜாக்களுக்கு இடையில் தீர்ப்புச் சொல்லும் விளையாட்டு அது.

அடுத்த ஆண்டு விவாதத்தை விட்டுவிட்டேன். ஒரு வேலை கொடுத்தேன். கதையில் வந்துபோகிற, ஆனால் பெயர்கூடச் சொல்லப்படாத ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் நின்ற இடத்தில் நின்றுகொண்டு அந்த ஒரு சம்பவத்தை மட்டும் எழுதுங்கள். யாரையும் திட்டவும் வேண்டாம், வாழ்த்தவும் வேண்டாம். எந்த வடிவத்திலும் எழுதலாம், பிழைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டேன். இவ்வளவுதான் சொன்னேன். பின்பெஞ்சு விழித்துக்கொண்டது.

முதலில் இந்த நோட்டு. டெல்டா மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் இருந்தபோது, 1996இல் எழுதப்பட்டது. எழுதியவரை 'அவன்' என்று சொல்லித்தான் எனக்குப் பழக்கம். இப்போது அவருக்கு என்னைவிட நரை அதிகம், அதனால் அவர் என்றே சொல்கிறேன்.

அரக்கு மாளிகை கதை உங்களுக்குத் தெரியும். வாரணாவதத்தில் பாண்டவர்களைக் கொல்வதற்காகத் துரியோதனன் எளிதில் தீப்பற்றும் மாளிகையைக் கட்டுகிறான். விதுரன் முன்கூட்டியே எச்சரித்துவிடுகிறான், சுரங்கம் தோண்ட ஆள் அனுப்புகிறான். பாண்டவர்களும் குந்தியும் மாளிகைக்குத் தாங்களே தீ வைத்துவிட்டுச் சுரங்கம் வழியாகத் தப்பிக்கிறார்கள். சின்ன வயதில் இதைக் கேட்டபோது நாம் எல்லோரும் 'அப்பாடா' என்று மூச்சு விட்டிருப்போம்.

வியாச பாரதத்தின் ஆதி பருவத்தில் இந்த இடத்தில் இன்னும் சில வரிகள் இருக்கின்றன. அன்றிரவு குந்தி விருந்து வைக்கிறாள். சோற்றுக்காக ஒரு நிஷாதப் பெண் தன் ஐந்து மகன்களோடு அங்கே வருகிறாள். சாப்பிட்டு, மது குடித்து, அங்கேயே தூங்கிப் போகிறார்கள். அவர்கள் உள்ளே இருக்கும்போதுதான் பீமன் தீ வைக்கிறான். காலையில் ஊர்மக்கள் சாம்பலைக் கிளறும்போது ஆறு உடல்கள் கிடைக்கின்றன. ஒரு தாய், ஐந்து பிள்ளைகள். கணக்குச் சரியாக இருக்கிறது. பாண்டவர்கள் செத்துவிட்டார்கள் என்று எல்லோரும் நம்புகிறார்கள். திருதராட்டிரன் நீர்க்கடன் செய்கிறான். அந்தப் பெண்ணுக்குப் பெயர் இல்லை. மகன்களுக்கும் இல்லை.

இதைக் கதையாக நான் வகுப்பில் சொல்லியிருந்தேன், அவ்வளவுதான். அந்த மாணவர் எழுதிக்கொண்டு வந்தது கதையே அல்ல. ஒரு விசாரணை அறிக்கை. தாலுகா ஆபீஸ் படிவம் மாதிரி கோடு போட்டு, இடது பக்கம் விவரம், வலது பக்கம் பதில்.

'தீ வைத்தவர்' என்ற இடத்தில்: "தெரியவில்லை. சம்பந்தப்பட்டவர்கள் அரச குடும்பத்தைச் சேர்ந்தவர்கள், இப்படிச் செய்யக்கூடியவர்கள் அல்லர்."

'இறந்தவர்களை அடையாளம் காட்டியவர்' என்ற இடத்தில் ஒரே ஒரு சொல்: "எண்ணிக்கை."

'காணாமல் போனவர்கள் பற்றிய புகார்' என்ற இடத்தில்: "ஒரு நிஷாதப் பெண் மூன்று நாளாக வாசலில் நின்று, தங்கச்சியைக் காணோம், பிள்ளைகளைக் காணோம் என்கிறாள். இந்த வழக்குக்குத் தொடர்பில்லாததால் பதிவு செய்யவில்லை."

நான் அந்த அக்காவைப் பற்றி யோசித்ததே இல்லை. பாரதத்தை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். அந்த ஆறு பேருக்கு ஒரு வீடு இருந்திருக்கும், அன்றிரவு அவர்களுக்காக யாராவது விளக்கை அணைக்காமல் வைத்திருந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. இன்னொன்றையும் அவர் கடைசி வரியில் எழுதியிருந்தார். அவர்களுக்கு அரச மரியாதையோடு காரியம் நடந்தது, ஆனால் வேறு ஆட்களின் பெயரில். அழுதவர்கள் எல்லோரும் வேறு யாருக்காகவோ அழுதார்கள்.

நீங்கள் ஊகித்திருப்பீர்கள். அவருடைய ஊர் கீழவெண்மணிக்குப் பக்கத்தில். 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். கீழ் நீதிமன்றம் தண்டித்த மிராசுதார்களை 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. அத்தனை நிலபுலன் உள்ள பெரிய மனிதர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பும்படியாக இல்லை என்பது அந்தத் தீர்ப்பின் போக்கு. மாணவரின் அறிக்கையில் 'வெண்மணி' என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. நான் கேட்டேன், "ஏம்ப்பா எழுதல?" என்று. "எழுதியிருக்கேனே மேடம்" என்றார்.

பல ஆண்டுகள் கழித்து மகாசுவேதா தேவி எழுதிய 'குந்தியும் நிஷாதியும்' கதையைப் படித்தேன். போர் முடிந்து, காட்டில் கடைசிக் காலத்தைக் கழிக்கும் குந்தியின் முன்னால் ஒரு நிஷாதப் பெண் வந்து அந்த ஆறு பேரைப் பற்றிக் கேட்கிறாள். பெரிய எழுத்தாளர் கண்டதை இந்தப் பையனும் கண்டிருக்கிறான் என்று பெருமைப்பட்டேன். பிறகு அந்தப் பெருமையே எனக்கு உறுத்தியது. அவர் யாரையும் படித்துவிட்டு எழுதவில்லை. அவர் ஊரில் அந்தக் கேள்வி முன்பிருந்தே இருக்கிறது.

இப்போது ஒரு சந்தேகம் வரும். திருப்பி எழுதுவது நமக்குப் புதிதா? இல்லை. தெலுங்கில் திரிபுரனேனி ராமசாமி 1920இலேயே 'சம்பூக வத' நாடகத்தை எழுதினார். கன்னடத்தில் குவெம்பு 1944இல் 'சூத்ர தபஸ்வி' எழுதினார். அதில் இராமனின் அம்பு சம்பூகனை விட்டுவிட்டுப் புகார் சொன்ன பார்ப்பனரையே துரத்துகிறது. தமிழில் புதுமைப்பித்தன் 1943இல் 'சாப விமோசனம்' எழுதினார். புலவர் குழந்தையின் 'இராவண காவியம்' 1946இல் வந்து, 1948இல் தடை செய்யப்பட்டு, 1971இல்தான் தடை நீங்கியது. சம்பூகன் கதை தமிழ் வகுப்பறைக்கு வராமல் போனதற்கு ஒரு காரணம், கம்பர் பட்டாபிஷேகத்தோடு முடித்துவிட்டார், உத்தர காண்டம் பாடவில்லை என்பது. ஆனால் அம்பேத்கர் விடவில்லை. 1936இல் எழுதிய 'சாதி ஒழிப்பு' உரையில் சம்பூகனின் தலையைக் காட்டித்தான், தண்டனை இல்லாமல் நால்வருணத்தைக் காப்பாற்ற முடியாது, இராம ராஜ்ஜியத்துக்கு அந்தக் கொலை தேவைப்பட்டது என்று விளக்குகிறார்.

இந்த மரபுக்குப் பிறந்தவள்தான் நானும். அதனால் உரிமையோடு ஒரு குறையும் சொல்கிறேன். நம் மரபில் ஒரு பகுதி சிம்மாசனத்தில் ஆளை மாற்றி உட்கார வைத்ததோடு நின்றுவிட்டது. ஒருமுறை வகுப்பில் இராவண காவியத்தைப் பற்றி உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தேன். திராவிட வேந்தன், கலைஞன், இசை அறிந்தவன் என்று. ஒரு பெண் எழுந்து, கிண்டலே இல்லாமல் கேட்டார்: "ராவணன் அரண்மனையில யாரு மேடம் பாத்திரம் கழுவுனாங்க?" அவருடைய அம்மா நான்கு வீடுகளில் வேலை செய்தவர். என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை.

ஏகலைவன் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வோர் ஆண்டும் பத்துப் பேராவது அதைத்தான் எழுதுவார்கள். பெயர் இல்லாதவரை எடுக்கச் சொல்லியிருக்கிறேன் என்று ஞாபகப்படுத்தினாலும் கேட்க மாட்டார்கள். பாதிக்கு மேல் ஒரே மாதிரி இருக்கும். கட்டைவிரலை வெட்டுவார்கள், இரத்தம் கொட்டும், துரோணர் சிரிப்பார். ஒரே ஒரு தாளை மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன். கொத்தனார் வேலைக்குப் போய்க்கொண்டே படித்தவர் எழுதியது. ஏகலைவன் துரோணரைப் பார்த்தது ஒரே முறை, அவர் முடியாது என்று சொல்லி அனுப்பிய அந்தச் சில நிமிடங்கள். ஒரே முறை பார்த்த முகத்தைக் காட்டுக்குள் போய் மண்ணில் வடித்திருக்கிறான். அந்தக் கைவேலையை அவனுக்கு யார் கற்றுக் கொடுத்தார்கள், அவர்களுக்கு என்ன தட்சணை என்று கேட்டிருந்தார். ஒன்றரைப் பக்கம்தான். கையில் சிமெண்ட் இருந்திருக்கிறது, தாளின் ஓரம் பாருங்கள்.

இனிச் சொல்லப்போவது நான் இதுவரை எந்த மேடையிலும் சொல்லாதது.

2004ஆம் ஆண்டு. இரண்டாமாண்டு படித்த ஒரு மாணவி. ஊருக்கு வெளுக்கும் குடும்பம். அப்பா காலையில் வீடு வீடாகப் போய் அழுக்கு எடுப்பார், சாயங்காலம் அதே வீடுகளில் சோறு வாங்கி வருவார். அவர் எடுத்துக்கொண்டது சீதையின் மீது பழி சொன்ன சலவைத் தொழிலாளியை.

இங்கே ஒரு செய்தி முக்கியம். வால்மீகியின் உத்தர காண்டத்தில் சீதையைப் பற்றித் தவறாகப் பேசுவது வண்ணார் அல்லர். ஊர் பேசுகிறது. கடைத்தெருவில், நாற்சந்தியில், தெருவில் மக்கள் இப்படிப் பேசுகிறார்கள் என்று பத்ரன் என்பவன் இராமனிடம் வந்து சொல்கிறான். பிற்காலக் கதைகளில்தான் அந்தப் பேச்சு முழுவதும் ஒரு வண்ணாரின் வாயில் வைக்கப்படுகிறது. கதாகாலட்சேபத்தில் அப்படி, 1963இல் வந்த 'லவகுசா' படத்தில் அப்படி. மொத்த அயோத்தியும் பேசிய பேச்சு, ஊரிலேயே பதில் பேச முடியாத ஓர் ஆளின் தலையில் வந்து விழுந்திருக்கிறது. இதை நான் வகுப்பில் ஒரு தகவலாகச் சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு அது தகவலாக இல்லை.

"எங்க அப்பா" என்றுதான் கதை தொடங்குகிறது. ஊரின் ரகசியமெல்லாம் துணியில் இருக்கும். யார் வீட்டில் சண்டை, யார் வீட்டில் நோய், யார் வீட்டில் குழந்தை தங்கவில்லை என்று எங்க அப்பாவுக்குத் தெரியும். ஒருநாளும் அவர் வெளியே சொன்னதில்லை, சொன்னால் சோறு கிடைக்காது. ராஜாவின் ஆட்கள் வந்து யார் பேசியது என்று கேட்டார்கள். ஊர் எங்க அப்பாவைக் கை காட்டியது. இப்படிப் போகிறது. ராஜா ஏன் எங்க அப்பாவைத் தண்டிக்கவில்லை, அவ்வளவு நல்லவரா என்று தம்பி கேட்கிறான். அப்பா சொல்கிறார்: "பேசினது நான் இல்லன்னு அவருக்கும் தெரியும். தண்டிக்கணும்னா ஊரையே தண்டிக்கணும்."

இந்தக் கதையில் இன்னொரு பத்தி இருந்தது. சீதையைப் பற்றி அந்த ஊரில் யாருக்காவது உண்மை தெரியும் என்றால் அது என் அம்மாவுக்குத்தான், சீதையின் தீட்டுத் துணியை வெளுத்தவள் அவள்தான் என்று எழுதியிருந்தார். கடைசியில், "நெருப்பைக் கேட்டார்கள். எங்க அம்மாவைக் கேட்கவில்லை."

படித்து முடித்ததும் கை நடுங்கியது. இதைவிட நல்ல எழுத்து என் கைக்கு வந்ததில்லை. அந்த ஆண்டுக் கல்லூரி மலருக்கு நான்தான் பொறுப்பு. கதையைச் சேர்த்தேன். ஆனால் அந்தப் பத்தியை அடித்துவிட்டேன். 'எங்க அப்பா' என்பதை 'ஒரு சலவைத் தொழிலாளி' என்று மாற்றினேன்.

யாரும் என்னை மாற்றச் சொல்லவில்லை. முதல்வர் பார்க்கவே இல்லை. நானாகச் செய்தேன். தீட்டு, இரத்தம் என்றெல்லாம் வந்தால் பிரச்சினை ஆகும், அந்தப் பெண்ணுக்கு ஆபத்து என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாதி தெரிந்தால் கேலி செய்வார்கள் என்றும் சொல்லிக்கொண்டேன். அது முழுப் பொய் இல்லை. ஆனால் நான் பிறந்த இடைநிலைச் சாதி வீட்டிலும் அழுக்கெடுக்க ஒரு அம்மா வருவார், கொல்லைப்புறம் நிற்பார், அவருக்கும் என் அம்மாவின், என் துணிகளின் எல்லாச் சங்கதியும் தெரியும். அந்தப் பத்தியைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட கூச்சம் எந்த வாசலிலிருந்து பார்க்கிறவளின் கூச்சம் என்று பிறகுதான் புரிந்தது.

மலர் வந்தது. அவர் வாங்கிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அதன் பிறகு மூன்றாமாண்டு முடியும்வரை எனக்கு அவர் ஒரு வரிகூட எழுதித் தரவில்லை. கட்டுரை கேட்டால் கையேட்டில் இருப்பதை அப்படியே எழுதி வைப்பார். நல்ல மதிப்பெண் வாங்கினார்.

சில ஆண்டுகளுக்கு முன்னால் தொலைபேசியில் கூப்பிட்டார். அரசுப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறார். நான் கொடுத்த அதே வேலையை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறாராம். பேசிக்கொண்டே இருந்துவிட்டு, "என் நோட்டு இருக்கா மேடம்?" என்றார். இருக்கிறது என்றேன். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன், அவர் முடிக்க விடவில்லை. "நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க, தெரியும். அதனாலதான் அப்ப உங்ககிட்ட சண்டைகூடப் போட முடியல" என்றார். நோட்டைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். அதனால் இன்று இந்தப் பையில் அது இல்லை. நான் சொன்னதெல்லாம் நினைவிலிருந்து.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன் என்றால், தடை என்பது எப்போதும் அரசாணையாக மட்டும் வருவதில்லை. அரசாணையாக வந்தால் அதோடு மோத ஒரு வழியாவது இருக்கிறது. பெரியாரின் இராமாயண ஆய்வு இந்தியில் 'சச்சி ராமாயண்' என்று வந்தபோது உத்தரப் பிரதேச அரசு 1969இல் தடை செய்தது. பதிப்பித்த லலாய் சிங் யாதவ் நீதிமன்றம் போனார். 1971இல் அலகாபாத் உயர்நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. அரசு மேல்முறையீடு செய்தது. 1976இல் உச்சநீதிமன்றமும், தடைக்கான காரணத்தையே ஆணையில் சொல்லாமல் ஒரு புத்தகத்தைப் பறிமுதல் செய்ய முடியாது என்று அரசின் முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. ஏழு ஆண்டுகள் ஒரு தனிமனிதர் விடாமல் நடந்தார். அந்த வழக்கை நீங்கள் எல்லோரும் படித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

மாணவர்கள் நிலைமை வேறு. 2024ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரியில் புனேவில், சாவித்திரிபாய் பூலே பெயரில் உள்ள பல்கலைக்கழகத்தில், ராம்லீலா நடிகர்கள் மேடைக்குப் பின்னால் எப்படிப் பேசிக்கொள்வார்கள் என்று மாணவர்கள் ஒரு நாடகம் போட்டார்கள். ஏபிவிபியினர் புகுந்து நிறுத்தினார்கள். கைது செய்யப்பட்டது துறைத் தலைவரும் ஐந்து மாணவர்களும். மார்ச்சில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் 'சோமாயணம்' என்ற நாடகம், அதற்கும் போலீஸ் வழக்கு. அதே மார்ச் கடைசியில் மும்பை ஐஐடி கலைவிழாவில் 'ராஹோவன்' நாடகம். நடித்த மாணவர்களில் சிலருக்குத் தலா 1.2 லட்சம் ரூபாய் அபராதம், இளைய மாணவர்களுக்குத் தலா 40,000 ரூபாய். 2011இல் டெல்லிப் பல்கலைக்கழகம் ஏ.கே. ராமானுஜனின் 'முந்நூறு ராமாயணங்கள்' கட்டுரையைப் பாடத்திலிருந்து நீக்கியபோது எடுக்கப்பட்டது ஒரு கட்டுரை. இப்போது எடுப்பது பிள்ளைகளின் படிப்பை.

இந்த நிலைமையில் உங்களைப் பார்த்து "துணிந்து எழுதுங்கள்" என்று மேடையிலிருந்து சொல்லிவிட்டுப் போவது எனக்கு எளிது. ஓய்வூதியம் வருகிறது, என்னை இடைநீக்கம் செய்ய யாருக்கும் முடியாது. 1.2 லட்சம் ரூபாய் என்பது என் மாணவர்கள் பலருடைய வீட்டில் ஒரு வருடச் சம்பாத்தியம். அதனால் துணிச்சலை நான் மாணவர்களிடம் கேட்கவில்லை. இங்கே உட்கார்ந்திருக்கும் ஆசிரியர்களிடம், வழக்கறிஞர் தோழர்களிடம் கேட்கிறேன். ஒரு பிள்ளை எழுதிக்கொண்டு வந்தால் அதில் கை வைக்காதீர்கள். வெளியிட முடியாத சூழல் என்றால் முடியாது என்று நேராகச் சொல்லுங்கள், முழுதாகத் திருப்பிக் கொடுங்கள். பாதியை வெட்டி அச்சுப் போட்டு அவர் பெயரைக் கீழே போடாதீர்கள். அதைச் செய்தவள் சொல்கிறேன்.

எழுதுகிறவர்களுக்கு ஒன்று மட்டும். எழுதியதை ஒரு படி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என் பையை நம்பாதீர்கள். இதில் இருப்பதைவிடத் தொலைந்துபோனவை அதிகம். ஒரு வருட வெள்ளத்தில் ஒரு பீரோவின் கீழ்த்தட்டு முழுக்கப் போய்விட்டது. அதில் காண்டவ வனம் எரிந்ததைப் பற்றி இருளர் மாணவர் ஒருவர் எழுதியது இருந்தது. பாம்பின் பக்கமிருந்து எழுதியிருந்தார் என்பது மட்டும் நினைவிருக்கிறது, ஒரு வாக்கியம்கூட நினைவில்லை.

கடைசியாக இந்தப் பச்சை அட்டை நோட்டு. சென்னையில் நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு வந்தது. எழுதியவர் கண்ணகி நகரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். கண்ணகி நகர் உங்களுக்குத் தெரியும். நகரத்தின் கரையோரங்களில், ஆற்றோரங்களில் இருந்த குடிசைகளை அகற்றி, அங்கிருந்தவர்களைக் கொண்டுபோய் விட்ட இடம். வீட்டை இழந்தவர்களைக் குடிவைத்த இடத்துக்கு, ஒரு நகரத்தையே எரித்தவளின் பெயரை வைத்தவர் யாரோ, அவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும்.

சிலப்பதிகாரத்தில் மதுரையை எரிக்கும்போது கண்ணகி தீக்கடவுளிடம் ஒரு பட்டியல் சொல்கிறாள். பார்ப்பனரை, அறவோரை, பசுவை, பத்தினிப் பெண்களை, முதியவர்களை, குழந்தைகளை விட்டுவிடு, தீயவர்கள் பக்கம் போய்ச் சேர் என்கிறாள். தமிழ் படித்த நாங்கள் எல்லோரும் இதை அறச்சீற்றம் என்று நடத்தியிருக்கிறோம். பட்டியலில் முதலில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த காதைக்குப் போவோம்.

இந்த மாணவி எழுதியதில் தீக்கடவுள் கையில் ஒரு லிஸ்ட்டோடு வருகிறான். வீடு வீடாகக் கதவைத் தட்டி, நீ இந்த ஆறில் எது என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறான். கணக்கெடுக்க வருகிற ஆள் மாதிரி பேனா வைத்திருக்கிறான், அவசரத்தில் இருக்கிறான். வைகைக் கரையோரக் குடிசையில் ஒரு பெண் குடத்தோடு நிற்கிறாள். பார்ப்பனத்தியா? இல்லை. பத்தினியா? புருஷன் விட்டுப்போய் நாலு வருஷம் ஆச்சு. முதியவளா? முப்பத்திரண்டு. லிஸ்ட்டில் இடம் இல்லையே, அப்போ நீ தீயவளா என்று அவன் கேட்கிறான். அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சொல்கிறாள்: "அதெல்லாம் தெரியாதுங்க. போன வாரமே டோக்கன் குடுத்துட்டாங்க. எரிச்சுட்டு எங்க கொண்டுபோய் விடுவீங்கன்னு மட்டும் சொல்லுங்க, புள்ளைக்கு ஸ்கூல் பாக்கணும்."

நோட்டுகளை அந்த மேசையில் வைக்கிறேன். பெயர் இருந்த இடங்களில் தாள் ஒட்டியிருக்கிறேன், அதைப் பிரிக்க வேண்டாம். அரக்கு மாளிகை நோட்டின் தையல் விட்டுப்போயிருக்கிறது, பார்த்துப் புரட்டுங்கள். தேநீர் வந்துவிட்டது என்கிறார்கள்.